பாட்டு கேட்கிறது, வசனம் ஏன் கேட்கவில்லை? பள்ளி நாடக மேடையின் ஒலிக் கணக்கு

ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு நடனம் நடக்கும்போது ஸ்பீக்கர் பாக்ஸின் அதிர்வு நாற்காலிக் கால்வரை தெரிகிறது. அடுத்தது நாடகம். அரசன் வேடமிட்ட ஐந்தாம் வகுப்புப் பையன் வாயசைப்பது தெரிகிறது. மூன்றாவது வரிசைக்குப் பின்னால் ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. "சவுண்டு வைங்க" என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. மைக்காரர் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றுகிறார். உடனே காதைத் துளைக்கும் ஓர் ஊளை. பையன் திடுக்கிட்டு வசனத்தை மறந்துவிடுகிறான்.

அதே ஆம்ப்ளிஃபயர், அதே பாக்ஸ், நடுவில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பல பள்ளிகள் இதைப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு கூடுதலாக இரண்டு பாக்ஸ் வரவழைக்கின்றன. அதில் பயனில்லை. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம், ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும் மைக்குகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டும்தான் வசனம் கேட்குமா கேட்காதா என்பதை முடிவு செய்கின்றன. பாக்ஸ் அதற்குப் பிறகுதான்.

மைக் ஏன் கத்துகிறது?

பாட்டு லேப்டாப்பிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ கம்பி வழியாக, எல்லா ஒலிகளையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் மிக்ஸருக்குப் போகிறது. அங்கிருந்து ஆம்ப்ளிஃபயர், பிறகு பாக்ஸ். பாக்ஸில் வந்த ஒலி மறுபடி லேப்டாப்புக்குள் நுழைய வழியே கிடையாது. அதனால் எவ்வளவு ஏற்றினாலும் ஊளை வராது.

மைக்குக்குக் குழந்தையின் குரலும் கேட்கும், பாக்ஸின் ஒலியும் கேட்கும். பாக்ஸிலிருந்து வந்ததை மைக் மறுபடி எடுத்து அனுப்ப, பாக்ஸ் அதைப் பெரிதாக்கித் திரும்பக் கொடுக்கிறது. ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது ஒலி முதலில் இருந்த அளவுக்குக் குறையாமல் வந்தால் போதும், யாரும் பேசாமலேயே அது தானாக வளர ஆரம்பிக்கும். எல்லா ஒலியும் சமமாக வளராது. அந்த அரங்கு, அந்த பாக்ஸ், அந்த மைக் மூன்றுக்கும் எந்த அதிர்வெண் ஒத்துப்போகிறதோ அது முந்திக்கொள்ளும். அதனால்தான் ஊளை எப்போதும் ஒரே சுருதியில் வருகிறது. இதைத்தான் ஃபீட்பேக் என்கிறோம்; சவுண்ட் சர்வீஸ்காரர்கள் ஹவுலிங் என்றும் சொல்வார்கள்.

ஃபேடரை ஏற்றினால் குழந்தையின் குரல் எவ்வளவு ஏறுகிறதோ, சுற்றி வரும் ஒலியும் அதே அளவு ஏறுகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறவே மாறாது. விகிதத்தை மாற்ற வேண்டுமென்றால் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும், அல்லது பாக்ஸிலிருந்து விலக்க வேண்டும், அல்லது வேண்டாத மைக்குகளை மூட வேண்டும்.

தூரத்தின் கணக்கு

திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து 5 செ.மீ. தள்ளியிருக்கும் மைக்கை அளவாக வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

1. 10 செ.மீ.: 6 டெசிபல் குறைவு. கையில் பிடிக்கும் மைக்கை ஒழுங்காகப் பிடித்தால் இந்தத் தூரம்.
2. 20 செ.மீ.: 12 டெசிபல் குறைவு. சட்டையில் மாட்டும் காலர் மைக்.
3. 40 செ.மீ.: 18 டெசிபல் குறைவு. ஸ்டாண்ட் மைக்கிலிருந்து ஓர் அடிக்குச் சற்று மேல் தள்ளி நிற்கும் குழந்தை.
4. 80 செ.மீ.: 24 டெசிபல் குறைவு. அதே குழந்தை கூச்சத்தில் இன்னும் ஓர் எட்டு பின்னால் போனால்.
5. 160 செ.மீ.: 30 டெசிபல் குறைவு. மேடை விளிம்பில் தரையில் வைத்த மைக். வாய் தரையிலிருந்து 110 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, பையன் 120 செ.மீ. பின்னால் நிற்கிறான் என்றால் தூரம் ஏறக்குறைய இவ்வளவு.

30 டெசிபல் என்பது ஆற்றலில் ஆயிரம் மடங்கு. 100 வாட் ஆம்ப்ளிஃபயர் செய்கிற வேலைக்கு ஒரு லட்சம் வாட் தேவைப்படும் என்று பொருள். அவ்வளவு ஆற்றல் கையில் இருந்தாலும் பயனில்லை. அதற்கு வெகு முன்பே ஊளை வந்துவிடும். இன்னும் இரண்டு பாக்ஸ் ஏன் உதவாது என்பதற்குப் பதில் இதுதான்.

திறந்து கிடக்கும் மைக்குகள்

பத்துக் குழந்தைகளுக்குப் பத்து மைக் இருந்தால், எல்லாமே நாடகம் முழுக்கத் திறந்திருப்பதைத்தான் வழக்கமாகப் பார்க்கிறோம். பேசுவது ஒரு குழந்தை. மீதி ஒன்பது மைக்கும் பாக்ஸின் ஒலியையும், மின்விசிறி இரைச்சலையும், மேடையில் நடக்கும் சலங்கைச் சத்தத்தையும் எடுத்துத் தந்துகொண்டிருக்கும். ஒரே அளவில் திறந்த மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போது ஊளை வருமுன் ஒலியைக் கூட்டக் கிடைக்கும் இடம் 3 டெசிபல் குறைகிறது. ஒன்றுக்குப் பதில் இரண்டு என்றால் 3, நான்கு என்றால் 6, எட்டு என்றால் 9 டெசிபல் இழப்பு.

இன்னொரு தொல்லையும் உண்டு. அம்மா வேடக் குழந்தை மகன் வேடக் குழந்தையைக் கட்டிப்பிடிக்கும் காட்சியில் இரண்டு காலர் மைக்கும் ஒரே குரலைச் சற்றே முன்பின்னாக எடுக்கும். இரண்டும் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலாகும். அந்த நேரம் ஒரு மைக்கை மூடிவிட்டு இருவருக்கும் மற்றொன்றையே பயன்படுத்த வேண்டும். தனித்தனியாக நிறுத்திய ஸ்டாண்ட் மைக்குகளுக்குப் பழைய விதி ஒன்று இருக்கிறது: வாயிலிருந்து மைக் எவ்வளவு தூரமோ, அதன் மூன்று மடங்காவது பக்கத்து மைக் தள்ளியிருக்க வேண்டும்.

ஆக, நாடகத்தில் மைக்காரரின் முக்கிய வேலை மைக்கை மூடுவது. மிக்ஸருக்குப் பக்கத்தில் நாடகப் பிரதியோடு ஆள் இல்லையென்றால் விலை உயர்ந்த கருவிகளும் வீண்தான். பிரதியின் ஓரத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் நேராக மைக் எண்ணை எழுதிவைக்க வேண்டும். "கிழவி, 5, உள்ளே வருமுன் பேசுகிறாள்" என்பது போல. வசனம் தொடங்குவதற்கு அரை நொடி முன்னால் அந்த ஃபேடர் ஏற வேண்டும். முடிந்ததும் இறங்க வேண்டும், முழுக்க அணையக்கூட வேண்டாம், 10 டெசிபல் கீழே போனாலே போதும். இதற்குக் குறைந்தது இரண்டு முழு ஒத்திகைகளில் மைக்காரர் உட்கார வேண்டும். சவுண்ட் சர்வீஸ்காரர் விழா அன்று காலையில்தான் வருவார் என்றால், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பிரதியோடு அவர் பக்கத்தில் உட்காரவைத்து, "அடுத்து 3, அடுத்து 1" என்று சொல்லச் செய்யலாம். உண்மையில் ஒத்திகை பார்க்காத மைக்காரரைவிடக் கதை தெரிந்த அந்த மாணவியே ஃபேடரைத் தொடுவது நல்லது.

சில டிஜிட்டல் மிக்ஸர்களில் இதைத் தானாகச் செய்யும் வசதி உண்டு. அமெரிக்க ஒலிப் பொறியாளர் டான் டூகன் 1970-களில் உருவாக்கிய முறை அது: யார் பேசுகிறாரோ அவர் மைக்குக்குக் கூடுதல் பங்கு, மற்றவற்றுக்குக் குறைவு, மொத்தம் எப்போதும் ஒரு மைக் அளவுதான். நாடகத்துக்கு நன்றாகவே உதவும். பாட்டுக் குழுவுக்கு மட்டும் அதை அணைத்துவிட வேண்டும்.

எந்த மைக், எங்கே

*கன்னத்தில் மாட்டும் ஹெட்செட் மைக்* வசனத்துக்கு முதல் தேர்வு. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரம் மாறாது. மைக்கின் முனை வாய்க்கு நேரே வரக்கூடாது. வாயோரத்திலிருந்து இரண்டு விரல்கடை தள்ளிக் கன்னத்தில் இருக்க வேண்டும். நேரே வந்தால் 'ப' சொல்லும் ஒவ்வொரு முறையும் மூச்சு மோதிப் 'புஃப்' என்று வெடிக்கும். பெரியவர்களுக்கான வளையம் குழந்தை முகத்தில் நிற்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் காகிதப் பிளாஸ்திரியால் கன்னத்தில் ஓரிடம், பின்கழுத்தில் ஓரிடம் ஒட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே கம்பி சற்றுத் தளர்வாக இருக்கட்டும். இல்லாவிட்டால் தலை திருப்பும்போது பிடுங்கிக்கொள்ளும்.

*காலர் மைக்* மார்பில் இருப்பதால் 700 ஹெர்ட்ஸ் பக்கம் குரல் தடித்து, சொல்லைத் தெளிவாக்கும் 3,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதி மெலிந்து வரும். ஈக்யூவில் (அதிர்வெண்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதியில்) முதலாவதை 3 டெசிபல் குறைத்து, இரண்டாவதை அதே அளவு கூட்டலாம். நகை, ஜரிகை, ஒட்டுத்தாடி மூன்றும் இதற்கு எதிரிகள். பட்டுப் பாவாடைக்கு மேல் காசுமாலை போட்ட குழந்தைக்குக் காலர் மைக் மாட்டினால் அரங்கம் முழுக்கக் காசுமாலைதான் கேட்கும். அவளுக்கு நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் ஒட்டுங்கள். கிரீடம் வைத்த அரசனுக்கு மைக் கிரீடத்துக்குள் மறையாமல் விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும்.

இடுப்பில் கட்டும் டிரான்ஸ்மிட்டரைத் துணிப் பையில் போட்டு நாடாவால் கட்டுங்கள். அதன் ஆன்-ஆஃப் சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். குழந்தையின் விரல் சும்மா இருக்காது.

*கை மைக்* கதைசொல்லிக்கும் கட்டியங்காரனுக்கும் பொருந்தும். பிடிக்கும் விதம் சொல்லித்தர வேண்டும். மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் அது முன்பக்க ஒலியை மட்டும் எடுக்கும் தன்மையை இழந்து எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிக்கும், ஊளை நிச்சயம். தண்டை மட்டும் பிடிக்க வேண்டும்.

*தரை மைக்* என்பது தட்டையான பவுண்டரி மைக். 8 மீட்டர் அகல மேடைக்கு விளிம்பில் மூன்று போதும். மேற்சொன்ன 160 செ.மீ. கணக்கு இதற்குத்தான், ஆகவே இதை மட்டும் நம்பக் கூடாது. கும்பலாகப் பேசும் இடங்களுக்கும் மைக் செயலிழந்தால் கைகொடுக்கவும் வைத்துக்கொள்ளலாம். பெஞ்சின் மேல் பலகை போட்ட மேடை பறை போல அதிரும். மைக்குக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம் வைத்து, மிக்ஸரில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட வேண்டும்.

*மேலே தொங்கவிடும் மைக்* தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்குப் பழக்கமானது. அங்கே அது பலிக்கக் காரணம், கூத்துக் கலைஞர் அந்த மைக்குக்குக் கீழே வந்து, நெஞ்சைத் திறந்து, உச்சக் குரலில் பாடுகிறார். எட்டு வயதுக் குழந்தையிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

பன்னிரண்டு பாத்திரம், நான்கு மைக் என்பதே பெரும்பாலான பள்ளிகளின் நிலைமை. காட்சிக்குக் காட்சி மைக்கைக் கழற்றி மாட்டுவதைவிட, அதிகம் பேசும் நான்கு பாத்திரங்களுக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் பேசும்போது அவர்களை ஒட்டி நிற்கும்படி நாடகத்தை அமைப்பது எளிது. இதை வசனம் எழுதும்போதே ஆசிரியர் யோசிக்க வேண்டும்.

பாக்ஸ் வைக்கும் இடம்

மேடையின் மேலேயே, திரைக்குப் பக்கத்தில் பாக்ஸை வைப்பது தவறுகளில் தலையாயது. பாக்ஸ் எல்லா மைக்குகளுக்கும் முன்னால், மேடை விளிம்பிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் பார்வையாளர் பக்கம் நிற்க வேண்டும். ஸ்டாண்டில் இரண்டு மீட்டருக்கு மேல் ஏற்றி, நடு வரிசைகளைப் பார்த்துச் சற்றுக் குனிந்திருக்கட்டும். தரையில் வைத்தால் முதல் வரிசைக்குக் காது வலிக்கும், பத்தாவது வரிசைக்குத் தலைகள் மறைக்கும்.

நீண்ட மைதானத்தில் பின்பக்கமும் பாக்ஸ் கட்டுவார்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் ஓடுகிறது, அதாவது மீட்டருக்கு 2.9 மில்லி நொடி. முன் பாக்ஸின் ஒலி 20 மீட்டர் பின்னால் வந்து சேர 58 மில்லி நொடி ஆகும். மின்சாரம் வழியாகப் பின் பாக்ஸுக்குப் போனதோ அதே கணத்தில் ஒலித்துவிடும். இடைவெளி 50 மில்லி நொடியைத் தாண்டினால் காதுக்கு இரண்டு தனிக் குரல்களாகக் கேட்கும். பின் பாக்ஸுக்கு மிக்ஸரில் 58-உடன் 10 சேர்த்து 68 மில்லி நொடி தாமதம் வைத்தால் குரல் மேடையிலிருந்தே வருவது போலிருக்கும். தாமதம் வைக்கும் வசதியில்லையென்றால் பின் பாக்ஸ் வேண்டாம். நாற்காலிகளை முன்னால் நெருக்கிப் போடுங்கள்.

மிக்ஸர் இருக்க வேண்டிய இடம் பார்வையாளர் நடுவே, பின்பாதியில். மேடைக்குப் பக்கவாட்டில் பாக்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கூட்டத்துக்கு என்ன கேட்கிறது என்று தெரிய வழியில்லை.

தமிழ் வசனத்துக்கே உரிய சிக்கல்

சிமென்ட் சுவர், தகரக் கூரை போட்ட அரங்கில் குரல் உரக்கவே கேட்கும். சொல் மட்டும் புரியாது. இதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, ல, ள, ழ ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் குறிப்புகள் பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இருக்கின்றன. தாழ்ந்த ஒலிகள் அரங்கில் தேங்கி நின்றால் அந்தப் பகுதி மூழ்கிவிடும். 'பலம்', 'பழம்' இரண்டும் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது, அதிகம் கவனிக்கப்படாதது: ஒற்றெழுத்து. 'பாடு' என்பதற்கும் 'பாட்டு' என்பதற்கும் என்ன வேறுபாடு? 'ட்' வருமிடத்தில் நாக்கு காற்றை முழுக்க அடைக்கிறது. ஒரு கணம் ஒலியே இல்லை. அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் காது 'பாட்டு' என்று அறிகிறது. எதிரொலி அந்த மௌனத்தை முந்தைய எழுத்தின் வால்ஒலியால் நிரப்பிவிட்டால் வல்லின ஒற்றெல்லாம் குழைந்துபோகும். மிக்ஸரில் இருக்கும் 'எக்கோ' குமிழ் இதே கெடுதலை நாமே காசு கொடுத்துச் செய்துகொள்வது. அறிவிப்பாளர்களுக்கு அதன் மேல் தனிக் காதல் உண்டு. நாடகம் தொடங்குமுன் அது சுழியத்தில் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை இவ்வளவுதான்: குழந்தைக் குரலுக்கு 120 முதல் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், அவர்கள் குரலில் அங்கே ஒன்றும் இல்லை. பாஸ் குமிழைக் கூட்டாதீர்கள். பாக்ஸுக்கு எதிரே உள்ள வெற்றுச் சுவரில் பழைய திரைச்சீலை, ஜமுக்காளம் எது கிடைத்தாலும் தொங்கவிடுங்கள். கூட்டம் நிறைந்த பிறகு எதிரொலி தானாகவே குறையும், ஏனென்றால் மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும். காலியான அரங்கில் கேட்டுவிட்டுப் பயந்து ஈக்யூவைப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

விழா அன்று செய்யும் வரிசை

1. மைக்கின் ஒலி மிக்ஸருக்குள் நுழையும் அளவான கெயினை முதலில் வையுங்கள். குழந்தை நாடகத்தில் எங்கே அதிகம் கத்துமோ அந்த வசனத்தைச் சொல்லச் சொல்லி, மிக்ஸரின் சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு. "ஹலோ மைக் டெஸ்டிங்" என்று மெதுவாகச் சொல்லி வைத்த கெயின் அசுரன் சிரிப்பில் கிழிந்துவிடும்.
2. ஒரு மைக்கை மட்டும் திறந்து, ஊளை எட்டிப்பார்க்கும்வரை மெல்ல ஏற்றுங்கள். எந்த அதிர்வெண் என்று பார்த்து அதைக் குறுகலாக 3 முதல் 6 டெசிபல் வெட்டுங்கள். இப்படி நான்கைந்து இடங்களுக்கு மேல் வெட்டினால் குரலே கெட்டுவிடும். அப்போதும் ஊளை வந்தால் பாக்ஸின் இடம் தவறு.
3. ஊளை வந்த இடத்திலிருந்து 6 டெசிபல் இறக்கிவிட்டு அதையே அன்றைய உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.
4. கார்ட்லெஸ் மைக்குகளின் ரிசீவரை மிக்ஸர் பக்கத்தில் வைக்காதீர்கள். ஐந்நூறு பேர் உடம்பைத் தாண்டி அலை வர வேண்டியிருக்கும். மேடையோரம், குழந்தைகளை நேராகப் பார்க்கும்படி வைத்து, அங்கிருந்து கேபிள் இழுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை மைக்குகள் ஒத்திகையில் நன்றாக வேலை செய்து விழாவில் விட்டுவிட்டு ஒலிப்பதற்குக் கூட்டத்தின் செல்போன்களில் ஓடும் வைஃபை, புளூடூத் இரண்டும் காரணமாகலாம்.
5. பல யுஎச்எஃப் வகைக் கார்ட்லெஸ் மைக்குகளுக்கு அலைவரிசையைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள். 600, 601, 602 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால் முதல் இரண்டும் கலந்து உண்டாகும் உபரி அலை (601-இன் இருமடங்கில் 600 கழித்தால் 602) சரியாக மூன்றாவதன் தலையில் விழும். கருவியிலேயே மோதாதபடி முன்பே வகுத்துவைத்த தொகுதி எண்களைப் பயன்படுத்துவது பாதுகாப்பு.
6. பேட்டரியை நாடகத்துக்கு முந்தைய நிகழ்ச்சியின்போது மாற்றுங்கள், காலையில் அல்ல. சிறப்பு விருந்தினர் எத்தனை மணிக்கு வருவார் என்பது எந்த மைக்காரருக்கும் தெரியாது.

மின் இணைப்பைப் பற்றிச் சுருக்கமாக: மிக்ஸர், ஆம்ப்ளிஃபயர், லேப்டாப் மூன்றும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும், சீரியல் விளக்குகளுக்கு வேறு இணைப்பு. லேப்டாப் சார்ஜர் 'ர்ர்' என்று இரைந்தால் பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது நடுவில் டிஐ பாக்ஸ் என்ற இரைச்சல் தடுக்கும் சிறு இணைப்புப் பெட்டி வழியாக இணையுங்கள். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னைக் கழற்றிவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. மின்கசிவு ஏற்பட்டால் மைக் வழியாக ஷாக் அடிக்கும், அந்த மைக்கைப் பிடிப்பது ஒரு குழந்தை. அதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. திறந்தவெளி விழாவென்றால் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 மணி வரை பயன்படுத்த முடியாது.

வசனங்களை முன்பே பதிவு செய்து ஓடவிட்டு, குழந்தைகளை வாயசைக்க வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. ஒலி தெளிவாக இருக்கும். ஒரு குழந்தை மேடைக்கு வர நான்கு நொடி தாமதமானால் மட்டும் மீதி நாடகம் முழுக்க யாரோ பேச யாரோ வாயசைப்பார்கள்.

கேட்கிறதா என்று யார் சொல்வது?

ஒத்திகையில் கடைசி வரிசையில் நின்று "நல்லாக் கேக்குது" என்று சொல்பவர் பெரும்பாலும் நாடகம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். அவருக்கு வசனம் மனப்பாடம். பாதி ஒலி வந்தாலே மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். நாடகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரைத் தாளும் பேனாவுமாகக் கடைசி வரிசையில் உட்காரவையுங்கள். மைக் மாட்டிய குழந்தை பலம், பழம், பள்ளம், பாடு, பாட்டு, மரம், மறம், காது, காத்து போல 20 சொற்களை முன்பின்னாக மாற்றிப் படிக்கட்டும். மின்விசிறிகள் ஓட வேண்டும். எழுதியதில் நான்குக்கு மேல் தவறினால் ஃபேடரைத் தொடாமல், மைக் குழந்தையின் முகத்தில் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.